எட்டணா அளவுப் பொட்டு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்றில் எங்கள் ஊர்ப் பெயர் உலகத்துக்கே தெரிந்துபோனது. அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள், எழுதியும் விட்டார்கள். நான் எழுதப் போவது அதே வருஷம் என் நெற்றியில் நடந்ததைப் பற்றி. பத்திரிகையில் வரவில்லை என்றாலும் எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அந்த வருஷத்துப் பெரிய சங்கதி அதுதான்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஸ்ரீபெரும்புதூருக்கும் தண்டலத்துக்கும் நடுவே, பெங்களூர் ரோட்டை ஒட்டி இருந்த ஒரு ரப்பர் கம்பெனியில் வேலை. கார், லாரிக் கதவுகளின் ஓரத்தில் வைக்கிற ரப்பர் பட்டை அங்கே தயாரானது. இப்போது ஒரகடம் பக்கம் போனால் கம்பெனி பஸ்களுக்கு வழிவிட்டே பொழுது போய்விடுகிறது. அப்போது அங்கே வேர்க்கடலை போட்டிருந்தார்கள். வேன் அனுப்பி ஆள் கூட்டிப்போகிற கம்பெனி என்பதால் எங்கள் ஊரில் எங்களுக்கு ஒரு மரியாதை இருந்தது.

நான் இன்ஸ்பெக்ஷனில் இருந்தேன். பட்டையை வெளிச்சத்தில் பிடித்து, விரலால் நீவிப் பார்த்து, சரியாக இருந்தால் பச்சை வட்ட ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். சரியில்லை என்றால் சிவப்பு வட்டம். சிவப்பு என்றால் ரிஜெக்ட். எட்டு மணி நேரமும் யார் பாஸ், யார் ஃபெயில் என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்த வேலை என்பதால் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது.

கூட வேலை பார்த்தவர்களில் ஒருத்தி என் தோழி. எங்கள் ஊரிலேயே மாதா கோயில் தெருவைச் சேர்ந்த கிறிஸ்தவப் பெண். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு, பிறகு ஒரே வேன், ஒரே சீட்டு. அவள் இருந்தது பேஸ்டிங் செக்ஷனில். ரப்பர் பட்டையைத் தகட்டில் ஒட்டுவது அவர்கள் வேலை. ஒட்டுகிற பசைக்கு ‘சொல்யூஷன்’ என்று பெயர். சைக்கிள் பஞ்சர் கடையில் அடிக்கிற அதே வாசனை. தடவுவதற்கு பிரஷ் கொடுத்திருந்தார்கள். ஆனால் பிரஷைவிட விரல்தான் வேகம் என்று எல்லோருமே விரலால் தடவினார்கள். அவள் விரல் நுனியெல்லாம் வெடித்து, தோல் உரிந்து கிடக்கும். கேட்டால் சும்மா உலர்ந்திருக்கிறது என்று சொல்லித் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வாள்.

அந்தக் கம்பெனியில் ஒரு சட்டம் உண்டு. குங்குமம் வைத்துக்கொண்டு லைனுக்கு வரக் கூடாது. தூள் உதிர்ந்து ஒட்டுகிற இடத்தில் விழுந்தால் ஜாயிண்ட் பிடிக்காது என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். சாந்துப் பொட்டோ வியர்வையில் மூக்கு வரைக்கும் வழியும். அப்போது ஸ்டிக்கர் பொட்டுதான் புது நாகரிகம். பஸ் ஸ்டாண்டு ஃபேன்சி ஸ்டோரில் அட்டை அட்டையாகத் தொங்கும். லைனில் இருந்த இந்துப் பெண்கள் அத்தனை பேரும் ஒரே மாதத்தில் ஸ்டிக்கருக்கு மாறினோம். கம்பெனி பாத்ரூம் கண்ணாடியில் முகம் தெரியாது. முகம் கழுவும்போது கழற்றி ஒட்டிய பொட்டுகள்தான் தெரியும். ஆளுக்கு ஒரு மூலை. என் மூலை வலது கை மேல்பக்கம். ஒரே பொட்டைப் பசை போகிற வரைக்கும் பத்து நாள் வைத்துக்கொள்வோம்.

மாசியில் அரிப்பு ஆரம்பித்தது. பொட்டு வைக்கிற இடத்தில் மட்டும், காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி, மிளகு அளவில் ஒரு சிவப்பு வட்டம். அம்மா பார்த்துவிட்டு, “இன்னாடி இது, நெத்தி செவந்துகீது. ராத்திரி பல்லி மூத்திரம் வுட்டுட்டு போயிகீது” என்றாள். பல்லிக்கு வேப்பிலை அரைத்துப் போட்டாள். அடங்கவில்லை. பிறகு அக்கி என்று முடிவு கட்டி, காவி குழைத்து எழுதச் சொன்னாள். அதற்கும் அடங்கவில்லை. அப்புறம் படர்தாமரை என்று மெடிக்கல் ஷாப்பில் சொல்லி ஒரு ட்யூப் வாங்கி வந்தாள். இத்தனை வைத்தியத்துக்கு நடுவிலும் ஒன்றை மட்டும் நாங்கள் நிறுத்தவே இல்லை. வெறும் நெற்றியோடு வெளியே போகக் கூடாது என்பதால், மருந்து போட்ட புண்ணின் மேலேயே தினமும் பொட்டை ஒட்டி அனுப்பினாள் அம்மா.

மிளகு அளவுப் பொட்டு வைத்தால் ஓரத்தில் சிவப்பு தெரிந்தது. அதனால் துவரம்பருப்பு அளவுக்குப் போனோம். பத்து நாளில் சிவப்பு அதையும் தாண்டி எட்டிப் பார்த்தது. பட்டாணி அளவு வாங்கினோம். பிறகு நாலணா அளவு. புண்ணு வளர வளரப் பொட்டு வளர்ந்தது. பொட்டு வளர வளரப் புண்ணு வளர்ந்தது. இரண்டுக்கும் ஏதோ சம்பந்தம் இருக்கலாமே என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. எட்டு மணி நேரம் ரப்பரில் ஊசிமுனைக் குறையைக் கண்டுபிடிக்கிற கண் எனக்கு. அதைக் கழற்றி கம்பெனியிலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

பங்குனியில் சிவப்புக்கு நடுவே வெள்ளை தெரிந்தது. அன்றைக்குத்தான் அம்மா பயந்தாள். கதவைச் சாத்திவிட்டு என்னை ஜன்னலோரம் நிறுத்திப் பார்த்தாள். அவள் வாயில் வந்த வார்த்தை வெண்குஷ்டம். சொன்னவுடனே தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். ஏனென்றால் அந்த வாரம்தான் வாலாஜாபாத்திலிருந்து ஒரு ஜாதகம் பொருந்தி வந்திருந்தது. மாப்பிள்ளைக்கு அம்பத்தூரில் ஃபிட்டர் வேலை, பர்மனென்ட். ஒரே பையன், குடிப்பழக்கம் இல்லை. இந்த இடம் தட்டிப்போனால் ஒரு காரணம் சொல்லித் தட்டிப்போகும், அந்தக் காரணம் எனக்கு முன்னால் ஊர் ஊராகப் போய் நிற்கும், அதற்குப் பிறகு எனக்கு வேறு இடமே வராது. அம்மா இதைச் சொல்லி அழுதாள். நானும் அழுதேன். அப்பா இந்த விஷயத்தில் கருத்துச் சொல்லவில்லை. நெற்றி சமாச்சாரம் பெண்கள் இலாகா என்று அவர் எண்ணம்.

பெண் பார்க்க வந்த அன்றைக்கு எனக்கு எட்டணா அளவுப் பொட்டு. அந்த வயசுப் பெண் அந்த அளவில் வைக்க மாட்டாள். காபித் தட்டோடு போய் நின்றபோது நடுக்கத்தில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. மாப்பிள்ளையின் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். கண் நெற்றியில் வந்து நின்றது. இந்தக் காலத்துப் பெண்கள் கண்ணுக்கே தெரியாமல் கடுகு மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு அலைகிறார்கள், இது எவ்வளவு லட்சணமாக இருக்கிறது, வளர்ப்பு அப்படி என்று அவர் அம்மாவிடம் சொன்னார். அங்கேயே பூ வைத்துவிட்டார்கள். ஆவணியில் கல்யாணம். எந்தப் புண்ணை மறைத்தோமோ அதற்காகவே என்னைப் பாஸ் பண்ணிவிட்டார்கள் என்று அன்றைக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

மாப்பிள்ளையையும் சொல்ல வேண்டும். நல்ல மாதிரியாகத்தான் தெரிந்தார். அவர் என் நெற்றியைப் பார்க்கவில்லை, என் தட்டிலிருந்த டம்ளர் கொட்டிவிடுமோ என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. பிடித்துப்போன பிறகு பயம் இரண்டு மடங்கானது.

தோழிதான் என்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். பக்கத்து ஊர் மாதா கோயில் காம்பவுண்டுக்குள் ஒரு இலவச ஆஸ்பத்திரி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மெட்ராஸிலிருந்து ஒரு தோல் டாக்டரம்மா வந்து உட்காருவார். வாரத்தில் எங்களுக்கும் அந்த ஒரு நாள்தான் லீவு. அம்மாவுக்குத் தெரியாமல் வைகாசியில் போனேன்.

டாக்டரம்மா பொட்டைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். அவர் புண்ணைப் பார்த்ததைவிட அதிக நேரம் கழற்றிய பொட்டைத்தான் பார்த்தார். திருப்பி, பசைப் பக்கத்தை மோந்துகூடப் பார்த்தார். எங்கே வேலை என்று கேட்டார். பிறகு என் பக்கத்தில் சும்மா நின்றிருந்த தோழியின் கையைப் பிடித்து விரல் நுனிகளைப் பார்த்தார். அவள் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். தான் பேஷண்ட் இல்லை, துணைக்கு வந்தவள் என்றாள்.

இரண்டு பேருக்கும் முழங்கையின் உள்பக்கம் ஆளுக்கொரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி, மேலே பிளாஸ்திரி போட்டு அனுப்பினார். இரண்டு நாள் தண்ணீர் படக் கூடாது, எடுத்த பிறகு என்ன தெரிகிறது என்று பார்த்து வைத்து அடுத்த வாரம் வந்து சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை வேனில் வைத்து இரண்டு பேரும் பிரித்தோம். எனக்கும் சிவப்பு வட்டம், அவளுக்கும் சிவப்பு வட்டம். ரெண்டு பேரும் ரிஜெக்ட் என்று அவள் சிரித்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டாக்டரம்மா விளக்கினார். இது குஷ்டம் இல்லை, பரம்பரை இல்லை, ஒட்டிக்கொள்ளாது. பொட்டின் நிறம் காரணம் இல்லை, பின்னால் இருக்கிற பசை காரணம். கம்பெனி சொல்யூஷனில் இருக்கிற ஏதோ ஒன்றுதான் இந்தப் பசையிலும் இருக்க வேண்டும், அதனால் இரண்டுமே உங்களுக்கு ஆகாது என்றார். “உடம்பு ஒரு தடவ ஒத்துக்க மாட்டேன்னு முடிவு பண்ணிட்டா பண்ணினதுதான். சின்னதா பெரிசா, பழசா புதுசான்னெல்லாம் பார்க்காது. தொட்டாலே போதும். நீ வைக்காதே. நீயும் வைக்காதே.” கடைசி வாக்கியம் தோழிக்கு. அவள் பொட்டே வைக்காத பெண் என்று நான் சொன்னேன். டாக்டரம்மா பரவாயில்லை, தெரிந்து வைத்துக்கொள்ளட்டும் என்றார்.

எனக்குச் சில நாளைக்கு மட்டும் பூச ஒரு களிம்பு. அதற்கு மேல் ஒன்றுமே வைக்கக் கூடாது, சாந்து, குங்குமம் எதுவும். சிவப்பு சீக்கிரம் போகும், நிறம் திரும்ப மாதக்கணக்காகும், நெற்றியில் வெயில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தோழிக்கு இந்தப் பசை ஆகாது, செக்ஷன் மாற்ற வேண்டும் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

‘ஒத்துக்கல’ என்கிற வார்த்தையை அந்த வருஷம் நான் வேண்டிய மட்டும் கேட்டுவிட்டேன். என் உடம்பு பசையை ஒத்துக்கொள்ளவில்லை. தோழியின் சீட்டைக் கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லை. அத்தனை பேர் தடவுகிற சொல்யூஷன் அவள் ஒருத்திக்கு மட்டும் எப்படி ஆகாமல் போகும் என்று கேட்டு, கூட ஒரு பிரஷ் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். டாக்டரம்மா சொன்னதை அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை.

“அவங்க வேதக்காரங்க. பொட்டு வைக்காதன்னு தான சொல்லுவாங்க” என்றாள் அம்மா. டாக்டரம்மா பெருமாளைக் கும்பிடுகிறவர், நெற்றியில் மெல்லிசாகச் சிவப்புக் கோடு இட்டிருக்கிறார் என்றேன். வேதக்கோயிலுக்குள் உட்கார்ந்துகொண்டு கோடு இழுத்திருந்தால் அது அதைவிட மோசம் என்றாள். பூ வைத்த பெண் வெறும் நெற்றியோடு இருந்தால் மாப்பிள்ளைக்கு ஆகாது என்பது அவள் கடைசி வாதம். மாப்பிள்ளையின் ஆயுசே என் நெற்றியில் ஒட்டியிருக்கிறது என்றால் நான் என்னதான் பேச முடியும்?

ஆகவே ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். வீட்டிலிருந்து கிளம்பும்போது பொட்டு இருக்கும். வேன் ஏறியதும் கழற்றிவிடுவேன். கம்பெனியில் லைனுக்குப் போடுகிற தொப்பியைப் புருவம் வரைக்கும் இழுத்துவிட்டால் யார் பார்க்கப் போகிறார்கள்? ஞாயிற்றுக்கிழமைகளில் வெறும் நெற்றியோடு தோழியுடன் ஆஸ்பத்திரி. திரும்ப வீட்டு வாசலில் கால் வைக்கும் முன் ஒட்டிக்கொள்வேன். முக்கால்வாசி நாள் பசை படாமல் இருந்ததற்கே அரிப்பு அடங்கத் தொடங்கியது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

வேனில் பின்சீட்டில் ஒரு அம்மா வருவார், கம்பெனி கேன்டீன் வேலைக்கு. அவருக்கு வாலாஜாபாத்தில் அண்ணன் வீடு. அண்ணன் வீட்டுக்கு அடுத்த வீடு மாப்பிள்ளை வீடு. அவர் அங்கே போய்ச் சொன்னதில் ஒரு சொல் பொய் இல்லை. பெண் வேனில் ஏறியதும் பொட்டைக் கழற்றுகிறாள். ஞாயிற்றுக்கிழமை பூசை நேரத்தில் மாதா கோயில் கேட்டுக்குள் போகிறாள். கூடவே வேதக்காரப் பெண். இதைக் கோத்துப் பார்த்தால் நான்கூட அதே முடிவுக்குத்தான் வந்திருப்பேன்.

ஆடி மாதம் நல்ல காரியத்துக்கு யாரும் வீடு தேடி வர மாட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாப்பிள்ளையின் அம்மா தனியாக வந்து நின்றபோதே அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. தோழி என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வந்து தோட்டத்துப் பக்கம் காத்திருந்தாள். வாங்க, குந்துங்க என்று அம்மா பாயை விரித்தாள்.

“குந்தறது இருக்கட்டும். உன் பொண்ணு வேதத்துல சேந்துட்டாளாமே. வெறும் நெத்தியோட கோயிலுக்குப் போயிகினு கீறாளாம். நெஜமா?”

அம்மா மனதில் ஓடியது எனக்குத் தெரிந்தது. மதம் மாறவில்லை என்றால் பொட்டை ஏன் கழற்றினாள் என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் வெண்குஷ்டம். ஐந்து மாதமாக எதை மூடி வைத்தோமோ அதை இப்போது நாங்களே சாட்சியாகக் கொண்டுவந்து காட்டினால்தான் தப்பிக்க முடியும். அம்மாவால் முடியவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். கல்யாணம் போய்விட்டது என்றே நினைத்தேன். எப்படியும் போகப் போகிறது, பொய்யால் போக வேண்டாம் என்று தோன்றியது. எட்டணாப் பொட்டைப் பிய்த்துக் கையில் எடுத்துக்கொண்டேன்.

அவர் என் தாடையைப் பிடித்து வாசல் வெளிச்சத்துக்கு இழுத்தார். நான் ரப்பர் பட்டையைப் பார்ப்பது போலவே பார்த்தார். வெள்ளையைக் கட்டை விரலால் நீவினார். நான் டாக்டரம்மா சொன்னதையெல்லாம் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். பசை, சொல்யூஷன், ஒட்டிக்கொள்ளாது, மாதக்கணக்காகும். அவர் பாதிதான் கேட்டார். பிறகு பாயில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

“இதானா? நல்ல வேள. நான் வயித்துல நெருப்ப கட்டிகினு வந்தேன். இது இன்னா, ஒரு புண்ணு. இன்னிக்கு இல்லன்னா நாளைக்கு ஆறிடும். வேதத்துல சேந்துட்டா, அது ஆறுமா?”

அம்மா சிரித்தாள். ஐந்து மாதமாக அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. எனக்கும் அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. மூன்று பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். தலையைத் திருப்பினேன். தோட்டத்துக் கதவோரம் தோழி நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவளும் கொஞ்சம் சிரித்தாள். நான் சிரிப்பதை நிறுத்தினேன்.

மாப்பிள்ளையின் அம்மா கெட்டவர் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் அவருடன் ஒரே அடுப்படியில் இருந்தவள் நான், எனக்குத் தெரியும். அன்றைக்கும் தோழியைப் பார்த்ததும் யாரென்று அவருக்கே புரிந்துபோனது. அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார், கல்யாணத்துக்கு அவசியம் வர வேண்டும் என்றார்.

“வரசொல்ல நெத்தியில எதுனா ஒண்ணு வச்சிகினு வா கண்ணு. எங்க சொந்தத்துல நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. உனக்காக இல்லனாலும் இவளுக்காக.”

“சரிங்கம்மா” என்றாள் தோழி.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அவளுக்கும் ஒத்துக்காது அத்தை என்று சொல்ல ஒரு நொடி ஆகியிருக்காது. என் வாயில் கொழுக்கட்டை. போன கல்யாணம் இப்போதுதான் திரும்பி வந்து பாயில் உட்கார்ந்திருக்கிறது. அதன் முன்னால் இன்னொரு தோல் வியாதிக் கதையைத் தொடங்க எனக்குத் தைரியம் இல்லை. அவள் பொட்டு வைக்காமலே வந்துவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. வருங்கால மாமியாரே ஒத்துக்கொண்ட பிறகு அம்மா எதை ஒத்துக்கொள்ளாமல் இருப்பாள்? ஸ்டிக்கர் அட்டைகளைத் தூக்கி அடுப்பில் போட்டாள். வெறும் நெற்றியோடு மீதி ஆடி முழுக்க வீட்டில் சுதந்திரமாக உலாவினேன். கல்யாணத்துக்குள் சிவப்பு சுத்தமாகப் போய், வெள்ளை மட்டும் மங்கலாக இருந்தது. கல்யாணத்தன்று மட்டும் வைக்கலாமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டு, மாமியார் கலப்படம் இல்லாத மஞ்சளில் வீட்டிலேயே குங்குமம் செய்து கொண்டுவந்தார்.

தோழி முகூர்த்தத்துக்கு முன்பே மண்டபத்துக்கு வந்துவிட்டாள். பச்சைப் பட்டு, தலை நிறைய மல்லிகை, நெற்றியில் மிளகு அளவு ஸ்டிக்கர் பொட்டு. மணையில் உட்கார்ந்திருந்த எனக்கு ஐயர் சொன்ன எதுவும் காதில் விழவில்லை. பக்கத்தில் வந்து நின்றபோது, கழற்றிவிடு, அவ்வளவு தேவையென்றால் என் குங்குமத்தை இட்டுக்கொள் என்று முணுமுணுத்தேன். அவள் குனிந்து என் மாலையைச் சரிசெய்கிற மாதிரி செய்துகொண்டு சொன்னாள்: “குங்குமம்னா அது சாமி சமாச்சாரம்டி, நான் வைக்க முடியாது. ஸ்டிக்கர்னா ஃபேன்சி. எங்கம்மாவே ஒண்ணும் சொல்லல.” எங்கே கிடைத்தது என்றேன். கம்பெனி பாத்ரூம் கண்ணாடியில் என் மூலையில் பழையது ஒன்று மிச்சம் இருந்ததாம்.

சாப்பிட்டதும் கழற்றிவிடுவதாகச் சொன்னாள். கழற்றவில்லை. வாலாஜாபாத் சொந்தங்கள் பஸ் ஏறுகிற வரைக்கும், நான் கார் ஏறுகிற வரைக்கும், கூட்டமாக எடுத்த அத்தனை போட்டோவிலும் என் வலது பக்கம் நின்றாள். கேன்டீன் அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அந்தப் பொண்ணு நம்ம பக்கம் வந்துவிட்டாள் போலிருக்கிறது என்று திருப்தியாகச் சொன்னதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். என்னைப் பற்றி நாலு பேர் அல்ல, ஒருத்தர்கூட ஒரு விதமாகவும் பேசவில்லை.

அடுத்த வாரம் மறுவீட்டுக்கு வந்தபோது முதலில் அவள் வீட்டுக்குத்தான் போனேன். இமைகள் இரண்டும் வீங்கியிருந்தன. புருவங்களுக்கு நடுவே காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி வட்டம், நடுவில் நீர் கோத்திருந்தது. எனக்கு மாதக்கணக்கில் வந்தது அவளுக்கு ஒரே நாளில் வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் நாலு பேர் அவளிடம் இந்துவாக மாறிவிட்டாயா என்று கேட்டார்களாம். அதைச் சொல்லி வீங்கிய கண்ணோடு சிரித்தாள்.

என் நெற்றி தைப் பொங்கலுக்குள் தேறிவிட்டது. அவளுக்குச் சிவப்பு போனதே தவிர, அந்த மிளகளவு வெள்ளை போகவே இல்லை. இரண்டு வருஷம் கழித்து அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள், பொட்டு வைத்துப் பழகின நெற்றி மாதிரி இருக்கிறதே, பிறந்ததிலிருந்தே வேதமா என்று கேட்டிருக்கிறார்கள். அவள் அம்மா, டாக்டரம்மா எழுதின சீட்டைக் காட்டித்தான் அந்தக் கல்யாணம் நடந்தது. கம்பெனி ஒத்துக்கொள்ளாத சீட்டு கடைசியில் அதற்குத்தான் உதவியது.

மறுவீட்டன்று அவளிடம் கேட்டேன். டாக்டரம்மா உன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாரே, உன் முழங்கையில் சிவந்ததை நீயே பிரித்துப் பார்த்தாயே, தெரிந்துமா வைத்தாய் என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் என் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குங்குமம் சரியாக வட்டமாக இல்லை என்று சொல்லி, வெடித்த விரல் நுனியால் ஓரத்தைச் சரிசெய்தாள்.

“மறந்துட்டேன்டி” என்றாள்.

ஒன்றாம் வகுப்பில் நான் திருப்பித் தராத பென்சிலின் நிறத்தை இன்றைக்கும் சொல்லக்கூடியவள் அவள்.